கணினி விசைப்பலகையை மிடி கட்டுப்படுத்தியாகப் பயன்படுத்துதல்

கணினி விசைப்பலகையை மிடி கட்டுப்படுத்தியாகப் பயன்படுத்துதல் என்பது, எழுத்துகளைத் தட்டச்சு செய்ய உருவாக்கப்பட்ட விசைப்பலகையைக் கொண்டு இசை மென்பொருள்களையோ, சிந்தசைசர், தாள இயந்திரம் போன்ற மின்னணு இசைக்கருவிகளையோ இயக்கும் முறையாகும். இதில் ஒவ்வொரு எழுத்து விசைக்கும் ஒரு சுரமோ, ஒரு தாள ஒலியோ, ஒரு கட்டளையோ ஒதுக்கப்படுகிறது. விசையை அழுத்தும்போது எழுத்துக்குப் பதிலாக மிடி செய்தி ஒன்று இசைக்கருவிக்குச் செல்கிறது.

தமிழில் கணினியின் விசைப்பலகை, மேடையில் வாசிக்கப்படும் இசைக்கருவி இரண்டுமே "கீபோர்டு" என்று அழைக்கப்படுகின்றன. குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் கணினிக்கு உரியது விசைப்பலகை என்றும் இசைக்கருவி கீபோர்டு என்றும் குறிக்கப்படுகின்றன.

இம்முறைக்குத் தமிழ்நாட்டில் தனிப்பயன் உண்டு. திண்டுக்கல் போன்ற ஊர்களில் ஒரு மாணவர் கீபோர்டைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் மெல்லிசைக் குழு, தேவாலயப் பாடகர் குழு, இசை வகுப்பு ஆகியவற்றில்தான் கிடைக்கிறது. மடிக்கணினியோ, 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகப் பல வீடுகளுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அதிலுள்ள விசைப்பலகையைக் கொண்டே இசையமைப்பின் தொடக்கப் பாடங்களைச் செலவின்றிக் கற்க முடியும். ஆனால் விசைப்பலகையால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

வரலாறு

எழுத்து விசைப்பலகைக்கும் இசை விசைப்பலகைக்கும் உள்ள உறவு பழையது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான சில அச்சிடும் தந்திக் கருவிகள் பியானோ போன்ற விசைகளைக் கொண்டிருந்தன. அமெரிக்காவின் ராயல் அவுசு, டேவிட் இயூசு ஆகியோரின் கருவிகள் இவ்வகையின. கிறித்தோபர் சோல்சும் அவருடைய கூட்டாளிகளும் 1868-இல் காப்புரிமை பெற்ற தட்டச்சுப் பொறியின் தொடக்க வடிவத்திலும் பியானோ வகை விசைகளே இருந்தன. அன்று இசை விசைகளால் எழுத்துகள் அடிக்கப்பட்டன. இன்று எழுத்து விசைகளால் இசை வாசிக்கப்படுகிறது.

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுமொழியாக மிடி 1983-இல் வந்தது. அமெரிக்காவின் தேவ் சுமித், சப்பானின் இக்குத்தாரோ ககேகாசி ஆகிய இருவரும் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினர். இதற்காக அவர்களுக்கு 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. அதுவரை ஒரு நிறுவனத்தின் சிந்தசைசரை மற்றொரு நிறுவனத்தின் கருவியால் இயக்குவது கடினமாக இருந்தது. மிடி வந்தபின் கணினியும் அந்த உரையாடலில் சேர்ந்துகொண்டது.

1987-இல் அமிகா கணினிக்கு வெளியான அல்டிமேட் சவுண்டுடிராக்கர் என்ற மென்பொருளும் அதன் வழிவந்தவையும், கணினி விசைப்பலகையிலேயே சுரங்களை உள்ளிடும் பழக்கத்தைப் பரப்பின. விசைப்பலகையின் கீழ் இரு வரிசைகளை ஒரு மண்டலமாகவும் மேல் இரு வரிசைகளை அடுத்த மண்டலமாகவும் கொள்ளும் அமைப்பு இம்மென்பொருள்களின் வழியே நிலைபெற்றது.

தமிழ்த் திரையிசையில் 1986-இல் வெளிவந்த புன்னகை மன்னன் படத்துக்காக இளையராசா கணினி வழி இசைத்தொடர் முறையைப் பயன்படுத்தியது முன்னோடி முயற்சியாகக் கருதப்படுகிறது. 1992-இல் ரோசா படத்தின் மூலம் அறிமுகமான ஏ. ஆர். ரகுமானின் வரவுக்குப் பின், கணினியும் மிடியும் தமிழ்த் திரையிசையின் அன்றாடக் கருவிகளாயின.

மிடி செய்தி என்பது என்ன?

மிடி ஒலியைக் கடத்துவதில்லை. எந்தச் சுரம், எப்போது தொடங்கியது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற குறிப்புகளை மட்டுமே கடத்துகிறது. ஒலியை உண்டாக்குவது அக்குறிப்பைப் பெறும் கருவி அல்லது மென்பொருள். இதனால்தான் ஒரே விசையைக் கொண்டு புல்லாங்குழலையும் வீணையையும் பறையையும் ஒலிக்கச் செய்ய முடிகிறது.

ஒரு சுரத்தைத் தொடங்கும் செய்தி மூன்று எண்களால் ஆனது. முதல் எண் செய்தியின் வகையையும் தடத்தையும் குறிக்கிறது. இரண்டாவது எண் சுரத்தைக் குறிக்கிறது. மூன்றாவது எண் அழுத்த வேகத்தைக் குறிக்கிறது. எடுத்துக்காட்டாக 144, 60, 100 என்ற செய்தி, "முதல் தடத்தில் 60-ஆம் சுரத்தை 100 என்ற வேகத்தில் தொடங்கு" என்று பொருள்படும். 128, 60, 0 என்பது அச்சுரத்தை நிறுத்தச் சொல்கிறது.

சுர எண்கள் 0 முதல் 127 வரை உள்ளன. 60 என்பது பியானோவின் நடு சி, அதாவது ஒரு கட்டைச் சுருதியின் சட்சம். ஒவ்வொரு எண்ணும் அரைச்சுர இடைவெளி கொண்டது. அழுத்த வேகமும் 0 முதல் 127 வரை அளவிடப்படுகிறது. மொத்தம் 16 தடங்கள் உள்ளன. 1991-இல் வெளியான பொது மிடி விதிப்படி 10-ஆம் தடம் தாளக் கருவிகளுக்கு உரியது.

ஐந்து முனைச் செருகி கொண்ட மரபான மிடி கம்பியில் நொடிக்கு 31,250 துணுக்குகள் செல்கின்றன. இந்த வேகத்தில் மூன்று எண் கொண்ட ஒரு செய்தி போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். ஆகவே வாசிப்பில் உணரப்படும் தாமதத்துக்குப் பெரும்பாலும் மிடி காரணமாக இருப்பதில்லை.

விசையிலிருந்து சுரம் வரை

விசைப்பலகையின் ஒவ்வொரு விசையின் கீழும் இருப்பது ஒரு சுவிட்ச். விசைப்பலகைக்குள் உள்ள சிறு சில்லு, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்தடங்களை இடைவிடாமல் சோதித்து, எந்தச் சுவிட்ச் மூடியிருக்கிறது என்று கண்டறிகிறது. பின்பு அவ்விசைக்கு உரிய எண்ணைக் கணினிக்கு அனுப்புகிறது. விசை விடப்பட்டதையும் அது தெரிவிக்கிறது.

இங்கு நிகழும் மாற்றம் எளிமையானது.

1. விசை அழுத்தப்பட்ட செய்தி வருகிறது.
2. மென்பொருள் அட்டவணையைப் பார்த்து அவ்விசைக்குரிய சுர எண்ணை எடுக்கிறது.
3. முன்னரே தீர்மானித்த ஒரு வேக எண்ணைச் சேர்த்துச் சுரத் தொடக்கச் செய்தியை அனுப்புகிறது.
4. விசை விடப்பட்டதும் சுர நிறுத்தச் செய்தியை அனுப்புகிறது.

மூன்றாம் படியில்தான் முதன்மையான குறைபாடு உள்ளது. திண்டுக்கல் பூட்டில் சாவி திரும்பியதா இல்லையா என்பதே கணக்கு. மெல்லத் திருப்பினோமா, வேகமாகத் திருப்பினோமா என்பதைப் பூட்டு அறியாது. கணினி விசையும் அப்படியே. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் அது அனுப்பும் செய்தி ஒன்றே. மிடி கீபோர்டில் விசை கீழிறங்கும் நேரம் அளக்கப்பட்டு வேக எண் கிடைக்கிறது. சாதாரண விசைப்பலகையில் அந்த அளவீடு இல்லாததால், மென்பொருள் 100 போன்ற நிலையான எண் ஒன்றை வைத்துக்கொள்கிறது.

விசை அமைப்பு

இரண்டு அமைப்புகள் பரவலாக உள்ளன. முதலாவது, நடு வரிசையை வெள்ளைக் கட்டைகளாகவும் அதற்கு மேல் வரிசையைக் கறுப்புக் கட்டைகளாகவும் கொள்வது. கராசுபேண்டு, ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்கள் இதைப் பின்பற்றுகின்றன. இரண்டாவது, மேலே கூறப்பட்ட இரு மண்டல அமைப்பு. எஃப்.எல். சுடூடியோ, எல்.எம்.எம்.எஸ்., வி.எம்.பி.கே. ஆகியவற்றில் இது உள்ளது.

முதல் அமைப்பைத் தமிழ் மாணவர்கள் தமிழ்99 விசைப்பலகையின் எழுத்துகளைக் கொண்டு எளிதாக நினைவில் வைக்கலாம். தமிழ்99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தட்டச்சு அமைப்பாகும். அதில் நடு வரிசை அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம எனத் தொடங்குகிறது. இவ்வரிசையின் முதல் விசையான "அ"வைச் சட்சமாகக் கொண்டால் சுரத்தானங்கள் பின்வருமாறு அமையும். இறுதியில் உள்ளது மிடி சுர எண்.

அ – சட்சம் – 60
ஈ – சுத்த ரிசபம் – 61
இ – சதுசுருதி ரிசபம் – 62
ஊ – சாதாரண காந்தாரம் – 63
உ – அந்தர காந்தாரம் – 64
புள்ளி – சுத்த மத்திமம் – 65
ஏ – பிரதி மத்திமம் – 66
எ – பஞ்சமம் – 67
ள – சுத்த தைவதம் – 68
க – சதுசுருதி தைவதம் – 69
ற – கைசிகி நிசாதம் – 70
ப – காகலி நிசாதம் – 71
ம – மேல் சட்சம் – 72

சதுசுருதி ரிசபமும் சுத்த காந்தாரமும் ஒரே விசையில் அமைவது போன்ற இணைகள் கீபோர்டில் உள்ளபடியே இங்கும் பொருந்தும்.

இதன்படி சங்கராபரணத்தின் ஆரோகணம் முழுவதும் நடு வரிசையிலேயே கிடைக்கிறது: அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம. தொடக்க மாணவர்கள் சரளி வரிசை பயிலும் மாயாமாளவகௌளையில் ரிசபமும் தைவதமும் மட்டும் மேல் வரிசைக்குச் செல்கின்றன: அ, ஈ, உ, புள்ளி, எ, ள, ப, ம. மோகனத்துக்கு அ, இ, உ, எ, க, ம ஆகிய ஆறு விசைகள் போதும்.

இவ்வமைப்பு கொண்ட மென்பொருள்களில் கீழ் வரிசையின் முதல் இரு விசைகளான ஔ, ஓ ஆகியவை மண்டலத்தைக் கீழும் மேலும் மாற்றுகின்றன. அடுத்த இரு விசைகளான ஒ, வ ஆகியவை வேக எண்ணைக் குறைக்கவும் கூட்டவும் பயன்படுகின்றன. பாடுபவரின் சுருதிக்கு ஏற்ப மாற்ற, விசைகளை மாற்றத் தேவையில்லை. மென்பொருளின் சுருதி மாற்று வசதியில் அரைச்சுர எண்ணிக்கையைக் கொடுத்தால் போதும். ஒரு கட்டையிலிருந்து நான்கு கட்டைக்குச் செல்ல 5, ஐந்து கட்டைக்குச் செல்ல 7 என்று கொடுக்க வேண்டும்.

தமிழ்99 எழுத்துகள் இங்கு விசையின் இடத்தை நினைவில் வைப்பதற்கு மட்டுமே. வாசிக்கும்போது தமிழ் உள்ளீட்டை நிறுத்தி ஆங்கில உள்ளீட்டில் வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் உள்ளீட்டு மென்பொருள் விசையைப் பிடித்து எழுத்தாக மாற்றிவிடக்கூடும். இசை மென்பொருளுக்கு எதுவும் வந்து சேராது.

கணினிக்குள் பயன்படுத்துதல்

கணினியிலேயே ஒலியையும் உண்டாக்கிக்கொள்வது எளிய முறை. இதற்குக் கட்டற்ற மென்பொருள்கள் பல உள்ளன.

எல்.எம்.எம்.எஸ். முழுமையான இசையமைப்பு மென்பொருள். இதில் விசைப்பலகையால் வாசித்ததைப் பதிவு செய்து, பின்பு திரையில் சுரம் சுரமாகத் திருத்தலாம். ஐட்ரசன் தாளத்துக்கென்றே உருவானது. விசைகளைக் கொண்டு தாள ஒலிகளை எழுப்பலாம். வி.எம்.பி.கே. தானாக இசையமைப்பதில்லை, விசைப்பலகையின் அழுத்தங்களை மிடி செய்திகளாக மாற்றி வேறு மென்பொருளுக்கோ வெளிக் கருவிக்கோ அனுப்புகிறது. புளூயிட்சிந்து அச்செய்திகளைப் பெற்று ஒலியாக மாற்றுகிறது. இவை லினக்சு, விண்டோசு ஆகிய இரண்டிலும் இயங்குகின்றன.

ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மிடி செய்தியை அனுப்ப இடையில் ஒரு வழி தேவை. லினக்சில் அல்சா என்ற ஒலி அமைப்பு இதைத் தன்னிடத்தே கொண்டுள்ளது. மேக் கணினியில் ஐ.ஏ.சி. இயக்கி உள்ளது. விண்டோசில் லூப்மிடி போன்ற ஒரு துணை மென்பொருளை நிறுவிக்கொள்வது வழக்கம்.

தாமதம்

விசையை அழுத்திய கணத்துக்கும் ஒலி கேட்கும் கணத்துக்கும் இடையே உள்ள இடைவெளி தாமதம் எனப்படுகிறது. தொடக்க நிலையில் பலர் இம்முறையைக் கைவிடுவதற்கு இதுவே காரணம். தாமதம் பல இடங்களில் சேர்கிறது.

விசை அழுத்தப்படும்போது சுவிட்ச் சில மில்லிநொடிகள் அதிர்கிறது. அதை ஒரே அழுத்தமாகக் கொள்ள விசைப்பலகை சற்றுக் காத்திருக்கிறது. பல சாதாரண யூ.எஸ்.பி. விசைப்பலகைகளைக் கணினி நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை கேட்கிறது. இதற்குப்பின் ஒலி அட்டை, ஒலித் துண்டுகளைச் சேர்த்து வைத்து அனுப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில், ஒரு துண்டில் 1024 மாதிரிகள் இருந்தால் 21 மில்லிநொடியும், 256 மாதிரிகள் இருந்தால் 5 மில்லிநொடிக்குச் சற்று அதிகமும் ஆகும்.

ஒலி காற்றில் 7 மீட்டர் கடக்க ஏறத்தாழ 20 மில்லிநொடி ஆகிறது. ஏழு மீட்டர் தள்ளி நிற்பவரின் தவிலைக் கேட்டு வாசிப்பது கடினமல்ல. ஐம்பது, நூறு மில்லிநொடி என்று ஆகும்போதுதான் தாளம் கையை விட்டுப் போகிறது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது மென்பொருளின் ஒலி அமைப்பில் துண்டின் அளவை 256 வரை குறைத்துப் பார்ப்பது. ஒலி வெடித்து வெடித்துக் கேட்டால் 512-க்கு உயர்த்தலாம். லினக்சில் சாக், பைப்வயர் ஆகியவையும் விண்டோசில் அசியோ வகை இயக்கியும் தாமதத்தைக் குறைக்க உதவும். புளூடூத் காதணியும் கம்பியில்லா ஒலிபெருக்கியும் தம் பங்குக்குப் பெரும் தாமதத்தைச் சேர்ப்பதால் கம்பியுள்ள காதணியையே பயன்படுத்த வேண்டும்.

வெளி இசைக்கருவியுடன் இணைத்தல்

மெல்லிசைக் குழுக்களில் காணப்படும் வீட்டுப் பயன்பாட்டுக் கீபோர்டுகள் பலவற்றின் பின்புறம் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. துளை உள்ளது. அச்சுப்பொறிக்குப் பயன்படும் கம்பியே பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். மடிக்கணினியில் வி.எம்.பி.கே.யைத் திறந்து, வெளியீடாக அக்கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால், கணினி விசைகளால் அதன் ஒலிகளை எழுப்பலாம். ஐந்து முனைத் துளை மட்டுமே உள்ள பழைய கருவிகளுக்கு யூ.எஸ்.பி.–மிடி இணைப்பி ஒன்று தேவை.

கணினியே இல்லாமலும் விசைப்பலகையை இணைக்கலாம். இதற்கு ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்தி பயன்படுகிறது. பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களின் செயல்திட்டத்துக்கு இது ஏற்றது. உருண்டைச் செருகி கொண்ட பழைய பி.எஸ்.2 விசைப்பலகை இதற்கு மிக எளிது. அது 5 வோல்ட்டில் இயங்குகிறது. மின்சாரத்துக்கு இரண்டு, செய்திக்கு இரண்டு என நான்கு கம்பிகளே தேவை. "அ" விசையை அழுத்தினால் 28 என்ற எண்ணும், விட்டால் 240, 28 என்ற இரு எண்களும் வருகின்றன. நிரல் 28-ஐக் கண்டால் 144, 60, 100 என்று அனுப்ப வேண்டும். 240-க்குப் பின் 28 வந்தால் 128, 60, 0 என்று அனுப்ப வேண்டும்.

மிடி வெளியீட்டுக்கு ஐந்து முனைத் துளை ஒன்றும் 220 ஓம் மின்தடை இரண்டும் போதும். ஆர்டுயினோவின் தொடர் வெளியீட்டு முனை ஒரு மின்தடை வழியாக 5-ஆம் முனைக்கும், 5 வோல்ட் மற்றொரு மின்தடை வழியாக 4-ஆம் முனைக்கும் செல்கின்றன. 2-ஆம் முனை நிலத்தோடு இணைக்கப்படுகிறது. தொடர் வெளியீட்டின் வேகம் 31,250 என்று அமைக்கப்பட வேண்டும். மிடி துளையின் முனைகள் 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் அமைந்திருப்பதால் எண்ணைப் பார்த்தே இணைக்க வேண்டும்.

யூ.எஸ்.பி. விசைப்பலகையை இவ்வாறு நேரடியாக இணைக்க முடியாது. எதிர்ப்பக்கம் கணினியைப் போல நடந்துகொள்ளும் கருவி தேவை. ராசுபெரி பை, ராசுபெரி பை பைக்கோ, டீன்சி 4.1 ஆகியவற்றால் அது இயலும்.

இவ்வகை நிரல்களில் மாணவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. விசையை அழுத்திப் பிடித்தால் பி.எஸ்.2 விசைப்பலகை அதே எண்ணை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. திரையில் "அஅஅஅ" என்று வருவது போலவே சுரமும் திரும்பத் திரும்பத் தொடங்கும். ஒரு சுரம் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தால் புதிய தொடக்கச் செய்தியை அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையை நிரலில் சேர்க்க வேண்டும்.

வரம்புகள்

ஒரே நேரத்தில் அழுத்தும் விசைகள். விலை குறைந்த விசைப்பலகைகளில் சில மூன்று விசைச் சேர்க்கைகள் பதிவாவதில்லை. விசைகள் மின்தடங்களைப் பகிர்ந்துகொள்வதே காரணம். யூ.எஸ்.பி. விசைப்பலகையின் அடிப்படைச் செய்தியிலும் ஆறு எழுத்து விசைகளுக்கே இடம் உள்ளது. ஒற்றைச் சுர மெட்டுகளுக்கு இது தடையாகாது. தேவாலயப் பாடல்களில் வருவது போன்ற சுரக்கூட்டுகளை வாசிக்கத் தடையாகும். எந்தச் சேர்க்கைகள் வேலை செய்கின்றன என்பதை வி.எம்.பி.கே.யின் திரையில் பார்த்துக் கண்டறியலாம்.

அழுத்த வேகம். முன்பு கூறியபடி மென்மையும் வன்மையும் இல்லை. பதிவு செய்தபின் ஒவ்வொரு சுரத்தின் வேக எண்ணையும் திரையில் திருத்துவதே தீர்வு.

விடுதல். தட்டச்சுப் பயிலகத்தில் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்குப் பயின்றவர்களுக்கு விரல் வேகம் கைவந்திருக்கும். ஆனால் தட்டச்சில் விசையைத் தொட்டவுடன் விடுவதே பழக்கம். எழுத்துக்கு அழுத்தும் கணம் மட்டும் போதும். இசையிலோ விசையை விடும் கணமும் சுரத்தின் பகுதியாகும். தட்டச்சுப் பழக்கத்துடன் வாசிப்பவர்களின் சுரங்கள் துண்டு துண்டாகக் கேட்பதற்கு இதுவே காரணம். அடுத்த விசையைத் தொடும் வரை முந்தைய விசையைப் பிடித்திருக்கும் பயிற்சியைச் சரளி வரிசையிலேயே தொடங்கலாம்.

கருநாடக இசையில் கமகம்

பன்னிரண்டு விசைகளில் பன்னிரண்டு சுரத்தானங்கள் கிடைத்தாலும், அவை மட்டுமே இராகம் ஆகாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேலும் கீழும் அசைந்தே தன் உருவைப் பெறுகிறது. விசைப்பலகையில் "ஊ"வை அழுத்தினால் கிடைப்பது அசையாத சாதாரண காந்தாரம். அது தோடியின் காந்தாரமாக ஒலிக்காது.

இது புதிய சிக்கல் அன்று. இதே காரணத்தைச் சுட்டி ஆர்மோனியம் எதிர்க்கப்பட்டது. அனைத்திந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. 1971-இல்தான் அத்தடை தளர்த்தப்பட்டது.

மிடியில் இதற்கு ஒரு வழி உள்ளது. சுருதி வளைவு என்ற செய்தி, ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தை மேலும் கீழும் வளைக்கிறது. அதற்கு 16,384 படிநிலைகள் உள்ளன. பெரும்பாலான கருவிகளில் இது முதலில் இரண்டு அரைச்சுரம் வரை வளைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். கீபோர்டில் கருநாடக இசை வாசிப்பவர்கள் இடக்கையால் இதற்கான சக்கரத்தை இயக்கிக் கமகங்களைக் கொண்டுவருகிறார்கள். கணினியில் வி.எம்.பி.கே.யின் வளைவுப் பட்டையைச் சுட்டியால் இழுக்கலாம். ஆனால் விசை ஒன்றுக்கு வளைவை ஒதுக்கினால் அது படிப்படியாக வளையாமல் ஒரே தாவலாகத் தாவும். அல்லது நிரல் தீர்மானித்த ஒரே வேகத்தில் மட்டும் நகரும்.

ஆகவே விசைப்பலகை சுரத்தானங்களை அறிவதற்கும், மேளகர்த்தா அமைப்பைக் காதால் உணர்வதற்கும், மெட்டைக் குறித்து வைப்பதற்கும் உதவும். கமகத்தை ஆசிரியரிடமும் வாய்ப்பாட்டிலும்தான் கற்க வேண்டும். விசையில் கேட்டதையே இராகம் என்று காது பழகிவிட்டால் பின்னால் திருத்துவது கடினம்.

நாட்டார் தாளக் கருவிகள்

விசைப்பலகை நன்கு பொருந்தும் இடம் தாளம். பறை, தவில், பம்பை போன்றவற்றில் அடி விழும் கணமே முதன்மை. சுவிட்ச் அதை நன்றாகவே தெரிவிக்கும். கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா போன்ற விழாக்களில் கேட்கும் மேள ஒலிகள் ஆயத்தத் தாள மென்பொருள்களில் அரிதாகவே கிடைக்கின்றன. கலைஞர்களின் ஒப்புதலுடன் அவற்றைப் பதிவு செய்து விசைகளில் அமைப்பது மாணவர்களுக்குப் பயனுள்ள பணி.

எடுத்துக்காட்டாகப் பறை இரண்டு குச்சிகளால் வாசிக்கப்படுகிறது. குட்டையான குச்சியின் அடி, நீண்ட மெல்லிய குச்சியின் அடி, இரண்டும் சேர்ந்த அடி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பறையைத் தீயில் காய்ச்சிய பின் அதன் ஒலி உயரும். தோல் தளரத் தளரக் குறையும். ஆகவே எல்லா அடிகளையும் ஒரே அமர்வில், இடையில் காய்ச்சி, ஒரே நிலையில் பதிவது நல்லது.

அழுத்த வேகம் இல்லாத குறையை இங்கு ஓரளவு ஈடுசெய்யலாம். ஒவ்வோர் அடியையும் மென்மையாகவும் வன்மையாகவும் பதிந்து, மென்மையானதை மேல் வரிசையிலும் வன்மையானதை அதன் கீழ் விசையிலும் வைக்கலாம். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரம் போலக் கேட்கும். அதைத் தவிர்க்க ஒரே அடிக்கு மூன்று நான்கு பதிவுகளை வைத்து, மென்பொருள் அவற்றை மாற்றி மாற்றி எடுக்கும்படி செய்யலாம்.

உறுமி இம்முறைக்கு அடங்காது. தேவராட்டத்துக்கு வாசிக்கப்படும் அக்கருவியின் ஒரு பக்கத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறுமல் ஒலி எழுப்பப்படுகிறது. தேய்க்கும் அழுத்தமும் வேகமும் மாற மாற ஒலியும் மாறுகிறது. அழுத்தம், விடுதல் என்ற இரண்டு நிலைகள் மட்டுமே கொண்ட விசையால் அதைக் காட்ட இயலாது. பதிவு செய்த உறுமலை ஒலிக்கவிடலாம், வாசிக்க முடியாது.

பொதுவான சிக்கல்கள்

சுரம் நிற்காமல் ஒலித்தல்: விசையைப் பிடித்திருக்கும்போது வேறு சாளரத்துக்கு மாறினால், விடுதல் செய்தி இசை மென்பொருளுக்கு வந்து சேராது. அனைத்துச் சுரங்களையும் நிறுத்தும் 123-ஆம் கட்டுப்பாட்டுச் செய்தியை அனுப்பும் பொத்தான் பெரும்பாலான மென்பொருள்களில் உள்ளது.

விசைகள் ஒலிக்காமை: இசை மென்பொருளின் சாளரம் முன்னால் இருக்கிறதா, விசைப்பலகை வாசிப்பு வசதி முடுக்கப்பட்டிருக்கிறதா, உள்ளீட்டு மொழி ஆங்கிலமா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

வாசிக்கும்போது மென்பொருளின் கட்டளைகள் இயங்குதல்: ஒரே விசை சுரத்துக்கும் குறுக்குவழிக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதால் இது நிகழ்கிறது. வாசிப்பு முடிந்ததும் விசைப்பலகை வாசிப்பை நிறுத்திவிட்டுத் திருத்த வேலைகளைச் செய்வது பாதுகாப்பானது.

விசைப்பலகை போதாத நிலை

சுரக்கூட்டுகளை இரு கைகளால் வாசிக்கத் தொடங்கும்போதும், மென்மை வன்மையோடு வாசிக்க வேண்டியபோதும், மேடையில் வாசிக்கும்போதும் விசைப்பலகை போதாது. அப்போது 25 அல்லது 49 கட்டைகளும் சுருதி வளைவுச் சக்கரமும் உள்ள மிடி கீபோர்டு தேவைப்படும். அதன்பின்னும் பழைய விசைப்பலகைக்கு வேலை உண்டு. தனி எண் விசைப்பலகை ஒன்றைப் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும், தம்புராச் சுருதியை மாற்றவும், தாளத்தை முடுக்கவும் பயன்படுத்தலாம். அழுத்தம், விடுதல் என்ற இரண்டு நிலைகளே போதுமான இத்தகைய வேலைகளுக்கு அது குறைவின்றிப் பொருந்தும்.

விசைப்பலகையில் கற்றவற்றுள் சுர எண்கள், தடங்கள், தாமதத்தைக் குறைக்கும் முறை, பதிவைத் திருத்தும் முறை ஆகிய அனைத்தும் விலையுயர்ந்த கருவியிலும் அப்படியே பயன்படும். புதிதாகக் கற்க வேண்டியிருப்பது விரலின் அழுத்தத்தையும் சுரத்தின் அசைவையும் மட்டுமே.